எஜமான் இல்லாத வலையில் கட்டாய அப்டேட்

"இந்த ஆப்பை அப்டேட் செய்தால்தான் தொடர முடியும்" என்று திரையை மறித்துக்கொண்டு நிற்கும் அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்போம். டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும் நேரம் பார்த்துத்தான் அது வரும். பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுவார், நாம் அப்டேட் இறங்கும்வரை வழிந்துகொண்டு நிற்போம். கட்டாய அப்டேட் என்றாலே நம் மனதில் இருக்கும் சித்திரம் இதுதான். எங்கோ ஒரு கம்பெனி, அதற்கு ஒரு சர்வர், அந்த சர்வர் பழைய ஆப்புக்குப் பதில் சொல்ல மறுக்கிறது.

இதே சித்திரத்தோடு பிட்காயின், எதீரியம் போன்ற டிஜிட்டல் பண வலைகள், கோப்புகளைப் பகிரும் டோரன்ட் பக்கம் போனால்தான் குழப்பம். "அடுத்த மாசம் கட்டாய அப்டேட்டாம், அதுக்குள்ள காசை வெளியே எடுத்துடு" என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வருகிறது. ஓஎம்ஆரில் நாள் முழுக்க சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள்கூட "புது வெர்ஷனைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது" என்கிறார்கள். யார் தள்ளுவது? அந்த வலையில் தள்ளுவதற்கு ஆளே கிடையாது. ஆளில்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் புது விதிக்கு எப்படி மாறுகின்றன, மாறாதவை என்ன ஆகின்றன என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

நடுவில் யாரும் இல்லை

பியர்-டு-பியர் வலை என்பது தலைமை சர்வர் இல்லாமல், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. அதில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு. அண்ணா நகரில் ஒருவர் வீட்டு மேஜையில் இருப்பதும் நோடுதான், ஏதோ ஒரு நாட்டில் பெரிய டேட்டா சென்டரில் இருப்பதும் நோடுதான். யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை.

பிட்காயின் போன்ற வலைகளில் ஒவ்வொரு நோடும் இரண்டு வேலை செய்கிறது. மொத்தக் கணக்கையும் தானே வைத்துக்கொள்கிறது. வரும் ஒவ்வொரு புதுத் தகவலையும் தன்னிடம் உள்ள விதிகளை வைத்துத் தானே சரிபார்க்கிறது. சரியாக இருந்தால் ஏற்கும், இல்லையென்றால் அனுப்பியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் தூக்கிப்போடும். இந்த விதிகளின் தொகுப்புக்குப் பெயர் புரோட்டோகால். ஆக, அப்டேட் என்று இங்கே பேசும்போது பட்டனின் நிறம் மாறுவதைப் பற்றிப் பேசவில்லை. எது செல்லும், எது செல்லாது என்ற விதியே மாறுவதைப் பற்றிப் பேசுகிறோம்.

சந்தில் ஆடும் கிரிக்கெட்

மயிலாப்பூர் சந்து எதிலாவது ஞாயிற்றுக்கிழமை ஆடும் கிரிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்பயர் கிடையாது, ஸ்கோர் போர்டு கிடையாது. ஒவ்வொருவரும் மனதிலேயே ஸ்கோர் வைத்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே விதி தெரியும் என்பதால் ஸ்கோரும் ஒன்றாகவே இருக்கும்.

இப்போது பாதிப் பேர் கூடி ஒரு புது விதி போடுகிறார்கள்: "இனிமேல் ஸ்லோ பௌலிங் மட்டும்தான்." தாமதமாக வந்த பையனுக்கு இது தெரியாது. ஆனாலும் ஆட்டம் குலைவதில்லை. ஸ்லோவாகப் போடுவது பழைய விதியிலும் செல்லும் என்பதால், அவன் பார்ப்பதெல்லாம் அவனுக்குச் சரியாகவே தெரியும். அவனே பந்தை வாங்கி வேகமாக எறியும்போதுதான் மற்றவர்கள் "நோ பால்" என்பார்கள்.

வேறொரு விதி: "இனிமேல் ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் பிடித்தாலும் அவுட்." இது வேறு கதை. ஒருவன் ஒரு கையால் பிடித்துவிட்டுக் கத்துகிறான். பாதிப் பேருக்கு அது அவுட். தாமதமாக வந்தவனுக்கு அது அவுட்டே இல்லை, காஜி இன்னும் பழைய ஆளுடையதுதான். அந்த நொடியிலிருந்து இரண்டு ஸ்கோர் ஓடும். அடுத்தடுத்த ஓவர்களில் எல்லோரும் நியாயமாகவே ஆடினாலும் அந்த இரண்டும் இனி சேராது.

முதல் வகை, விதியை இறுக்குவது. இதற்கு சாஃப்ட் ஃபோர்க் என்று பெயர். இரண்டாவது வகை, முன்பு செல்லாததைச் செல்லும் என்று தளர்த்துவது. அது ஹார்டு ஃபோர்க். ஹார்டு ஃபோர்க்கில்தான் அப்டேட் உண்மையிலேயே கட்டாயமாகிறது: செய்யாத நோடு தனிக் கணக்கில் போய்விடும். யாரும் அதைத் துரத்துவதில்லை, அதன் இன்டர்நெட்டை யாரும் வெட்டுவதில்லை. அது தன் விதிப்படி ஒழுங்காகச் சரிபார்த்துக்கொண்டே, மற்றவர்கள் யாரும் இல்லாத ஒரு கிளையில் நின்றுகொண்டிருக்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொரு நோடும் தானே சரிபார்க்கிறது, விதியை இறுக்கினால் பழைய நோடு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், தளர்த்தினால் பிரிந்துபோகும்.

நிறுவுவது ஒரு நாள், அமலாவது ஒரு நாள்

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. புது வெர்ஷனை நிறுவிய உடனே புது விதி அமலுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் பெரும் விபரீதம். இன்று காலை நிறுவியவர் ஒரு கணக்கிலும், நாளை மாலை நிறுவப்போகிறவர் இன்னொரு கணக்கிலும் இருப்பார்கள்.

நன்றாக எழுதப்பட்ட மென்பொருளில் புது விதி தூங்கிக்கொண்டே வரும். உள்ளே பழைய விதி, புது விதி இரண்டும் இருக்கும், "இந்தப் புள்ளி வரை பழையது, அதற்குப் பிறகு புதியது" என்று ஒரு வரியும் இருக்கும். பல வாரங்களுக்கு முன்பே மென்பொருள் வெளியாகிவிடும். அவரவர் சௌகரியப்பட்ட நாளில் நிறுவிக்கொள்ளலாம். புள்ளி வரும்போது எல்லா நோடும் ஒன்றாகத் தாண்டும்.

அந்தப் புள்ளியை எப்படிக் குறிப்பது? "ஆகஸ்ட் 5, மாலை 6 மணி" என்று கடிகாரத்தை வைத்துச் சொன்னால் சிக்கல். கம்ப்யூட்டர்களின் கடிகாரங்கள் முன்னே பின்னே இருக்கும், தகவல் போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். ஆனால் இந்த வலைகளில் எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் ஏற்கெனவே இருக்கிறது. பரிவர்த்தனைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறார்கள். அந்தக் கட்டுதான் பிளாக். 500-வது பிளாக் என்றால் எல்லா நோடுக்கும் அது 500-வது பிளாக்தான். அதனால் எதீரியத்தின் லண்டன் மேம்பாடு 2021 ஆகஸ்ட் 5 அன்று, 1,29,65,000-வது பிளாக்கில் அமலாகும்படி வைத்திருந்தார்கள். தேதி நம் வசதிக்கு, நோடுகள் பார்த்தது பிளாக் எண்ணைத்தான்.

பிட்காயினில் இன்னொரு படி உண்டு. முதலில் தலை எண்ணுவார்கள். புது பிளாக்குகளை உருவாக்கும் மைனர்கள், "நான் தயார்" என்று தாங்கள் உருவாக்கும் பிளாக்கிலேயே ஒரு சிறு அடையாளம் வைக்கலாம். 2,016 பிளாக்குகள், அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம், ஒரு சுற்று. ஒரே சுற்றில் 95 சதவீத பிளாக்குகளில் அடையாளம் இருந்தால் விதி உறுதியாகும் என்பது ஒரு காலத்தில் வழக்கமான வரம்பு. டாப்ரூட் என்ற மாற்றத்துக்கு அதை 90 ஆகக் குறைத்தார்கள். 2021 ஜூனில் அந்த வரம்பு எட்டியது. ஆனால் அமலானது நவம்பர் 14-ம் தேதி, 7,09,632-வது பிளாக்கில். நடுவே கிடைத்த ஐந்து மாத அவகாசம், நாணயத்தை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சுகளும், அதை வைத்துக்கொள்ள உதவும் வாலட் ஆப் எழுதுகிறவர்களும் தயாராவதற்கு.

இந்தத் தலை எண்ணலை ஓட்டெடுப்பு என்று செய்திகளில் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விதி நல்லதா கெட்டதா என்று இங்கே யாரும் கேட்பதில்லை, "கிளம்பலாமா, எல்லாரும் ஏறியாச்சா?" என்று பஸ் கண்டக்டர் கேட்கும் கேள்விதான் அது.

யாருக்கும் தெரியாமல் ஒரு விதி: 2013 மார்ச்

அறிவித்து, தேதி வைத்து மாற்றினாலே இவ்வளவு பாடு. மாற்றுகிறோம் என்று தெரியாமலே மாற்றினால்? பிட்காயினில் அது நடந்தது.

2013 பிப்ரவரியில் 0.8 வெர்ஷன் வந்தது. உள்ளே தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸை மாற்றியிருந்தார்கள், பெர்க்லி டிபி போய் லெவல் டிபி வந்தது. வேகம் கூடியது. விதி எதையும் மாற்றவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு பதிவைத் தொடும்போது வேறு வேலை குறுக்கிடாமல் இருக்க டேட்டாபேஸ் அதற்குப் பூட்டு போடும். பழைய பெர்க்லி டிபியில் ஒரே நேரத்தில் எத்தனை பூட்டுகள் போடலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. ரொம்பப் பெரிய பிளாக் வந்தால் அந்த வரம்பு போதாது. அதுவரை அவ்வளவு பெரிய பிளாக் வராததால் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. மார்ச் 11-12 வாக்கில் 2,25,430-வது பிளாக் அப்படி வந்துசேர்ந்தது. 0.8 நோடுகள் அதைச் சாதாரணமாக விழுங்கின. 0.7 நோடுகள் "செல்லாது" என்று துப்பின. எங்கும் எழுதிவைக்காத ஒரு விதி பழைய வெர்ஷனுக்குள் ஒளிந்திருந்தது, புது வெர்ஷன் அதைத் தெரியாமல் தளர்த்திவிட்டது. பிளாக்குகளின் சங்கிலி இரண்டாகப் பிரிந்தது.

கட்டாய அப்டேட் பற்றி வழக்கமாக யோசிக்கிறவர், "பழைய ஆட்களை உடனே 0.8-க்கு மாறச் சொல்ல வேண்டியதுதானே" என்பார். டெவலப்பர்கள் செய்தது நேர்மாறு. பெரிய மைனிங் குழுக்களிடம் பேசி, 0.8-லிருந்து 0.7-க்குத் திரும்பச் சொன்னார்கள். எண்ணிப்பார்த்தால் காரணம் புரியும். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பழைய நோடுகளை ஒரே இரவில் ஏற்றிவிட முடியாது. ஆனால் புது பிளாக்குகளில் பெரும்பங்கை உருவாக்கும் சில குழுக்களைப் பிடித்துப் பேச முடியும். மேலும், பழைய விதிக்கு ஒத்துவரும் சங்கிலியைப் பழைய நோடு, புது நோடு இரண்டுமே ஏற்கும். செல்லும் சங்கிலிகள் இரண்டு இருந்தால் நீளமானதையே நோடு பின்பற்றும். சில மணி நேரத்தில் பழைய பக்கத்துச் சங்கிலி நீண்டு முந்தியது, 0.8 நோடுகளும் தானாக அதற்கே வந்துசேர்ந்தன.

அப்புறம்தான் முறையாகச் செய்தார்கள். 0.8.1 வெர்ஷனில் பெரிய பிளாக்குகளுக்குத் தற்காலிகத் தடை போட்டு, அந்தத் தடை நீங்கும் நாள் 2013 மே 15 என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். இரண்டு மாத அவகாசம். விபத்தாக நடந்த அதே மாற்றத்தைத் தேதி குறித்து மறுபடி நடத்தினார்கள் என்று சொல்லலாம்.

சந்தித்ததும் முதல் வார்த்தை

இரண்டு நோடுகள் இணையும்போது முதலில் அறிமுகம் செய்துகொள்கின்றன. நான் இன்ன வெர்ஷன், எனக்கு இன்னின்ன வசதிகள் தெரியும் என்று சொல்லும் இந்தப் பரிமாற்றத்துக்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். நயமான அப்டேட்டின் பாதி வேலை இங்கேதான் நடக்கிறது.

2001-ல் வந்த பிட்டோரன்ட்டின் ஹேண்ட்ஷேக்கில் எட்டு பைட்டுகளைச் சும்மா காலியாக விட்டுவைத்தார்கள். பிறகு புது வசதி வந்தபோதெல்லாம் அதில் ஒரு பிட்டை ஏற்றினால் போதும். தெரிந்தவன் புரிந்துகொள்வான், தெரியாதவன் கண்டுகொள்ளாமல் பழைய மாதிரியே பேசுவான். கட்டாயமே தேவைப்படாத அப்டேட்தான் இருப்பதிலேயே நல்ல அப்டேட் என்பது என் கட்சி. ஆனால் கோப்பைப் பகிர்வதற்கு இது போதும், எல்லோரும் ஒரே கணக்கில் நிற்க வேண்டிய வலைக்குப் போதாது.

அந்த வலைகளில் அடுத்த கேள்வி, பழைய நோடோடு எதுவரை பேசுவது? முன்கூட்டியே வெட்டிவிட்டால், தேதிக்குள் அப்டேட் செய்ய நினைத்தவரையும் சேர்த்து வெளியே தள்ளுகிறோம். கடைசி நொடிவரை வைத்திருந்தால் வேறு ஆபத்து. பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் தானாகத் தேடிப் பிடிக்கும் முழு இணைப்புகள் வழக்கமாக எட்டுதான். அந்த எட்டும் பழைய நோடுகளாக இருந்துவிட்டால், அமலாகும் நொடியில் அப்டேட் செய்த நோடும் தனித்தீவாகும். ஸீகேஷ் என்ற இன்னொரு டிஜிட்டல் பண வலை 2018 ஜூனில் ஓவர்வின்டர் என்ற மேம்பாட்டைச் செய்தபோது இதற்கு நடுவழி ஒன்று வைத்திருந்தது. அமல் புள்ளிக்கு முந்தைய சில நாட்களில், இணைப்பு இடம் நிறைந்துபோனால் பழைய நோடை விட்டுவிட்டுப் புது நோடைப் பிடித்துக்கொள்ளும். புள்ளி தாண்டியதும் பழைய நோடுகளோடு இணைப்பே கிடையாது.

எதீரியத்தில் இன்னும் நுணுக்கம். இதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அங்கே ஒரு வீட்டில் நோடு ஓடிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். அது அணைந்து கிடந்த நாட்களில் ஒரு விதி மாற்றம் அமலாகிவிட்டது. கரன்ட் வந்து மெஷின் எழுந்ததும் வலையோடு பேச வருகிறது. அதன் கணக்கு பழையது. ஆனால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். புயலுக்கு முன்பே புது மென்பொருளை நிறுவியிருந்து, விடுபட்ட பிளாக்குகளை மட்டும் பிடிக்க வேண்டியிருக்கலாம். இல்லை, மென்பொருளே பழையதாக இருக்கலாம். முதலாவதை அணைத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவதை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அதனால் எதீரிய நோடு அறிமுகத்தின்போது இரண்டு செய்தி சொல்கிறது: இதுவரை எந்தெந்த விதி மாற்றங்களைத் தாண்டி வந்திருக்கிறேன் என்பதன் சுருக்கம், எனக்குத் தெரிந்த அடுத்த மாற்றம் எந்தப் புள்ளியில் என்பது. வேளச்சேரி நோடு, நடந்துமுடிந்த அந்த மாற்றத்தையே "அடுத்தது" என்று சரியாகச் சொன்னால், சரி, பின்தங்கியிருக்கிறது, வந்துவிடும் என்று மற்றவை சேர்த்துக்கொள்ளும். அடுத்தது எதுவும் தெரியாது என்றால் மென்பொருள் பழையது, இணைப்பு மறுக்கப்படும்.

சுருக்கமாக: விதி தூங்கிக்கொண்டு வர வேண்டும், பொதுவான ஒரு எண்ணில் விழிக்க வேண்டும், பக்கத்து நோடு தயாரா என்பது முதல் பேச்சிலேயே தெரிய வேண்டும்.

பழைய நோடு சத்தம் போட்டு நிற்க வேண்டும்

பழைய நோடு ஓடாமல் போவது ஆபத்தில்லை. ஓடுவதுபோலவே இருப்பதுதான் ஆபத்து. திரையில் பச்சை விளக்கு, இருப்புத் தொகை, எல்லாம் வழக்கம்போலத் தெரியும். உரிமையாளர் யாரோ அனுப்பிய பணம் வந்துவிட்டதென்று பொருளைக் கொடுத்து அனுப்புவார். அந்தப் பணம் வந்தது யாருமே நிற்காத கிளையில்.

ஸீகேஷின் பழைய முதன்மை மென்பொருளான ஸீகேஷ்டி இதைக் கண்டிப்பாகவே கையாண்டது. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஆயுள் உண்டு, வெளியாகிச் சுமார் 16 வாரம். கெடு நெருங்கும்போதே எச்சரிக்கை கொடுக்கும், கெடு வந்ததும் தானாக நின்றுவிடும். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் நின்றுபோன மெஷினை உரிமையாளர் வந்து பார்ப்பார். தப்பான கிளையில் நிம்மதியாக ஓடும் மெஷினை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆட்டோ அப்டேட் வைத்துவிட்டால்?

இந்தத் தலைவலி எல்லாம் எதற்கு, எல்லா நோடும் தானாக அப்டேட் ஆகட்டுமே என்று கேட்பது இயல்பு. இரண்டு பதில்.

ஒன்று, தானாக அப்டேட் ஆகும் என்றால் அதை அனுப்பும் சாவி யாரிடமோ இருக்கிறது. அந்தச் சாவி திருடு போனால் மொத்த வலையும் திருடன் கையில். எஜமான் வேண்டாம் என்று கட்டிய வீட்டில் பின்கதவைத் திறந்துவைத்த கதை. பிட்காயின் கோரில் ஆட்டோ அப்டேட் இல்லாததற்கு இதுதான் பெரிய காரணம்.

இரண்டாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே காரியம் செய்வதே ஆபத்து. அப்போது பியர்-டு-பியர் முறையில் இயங்கிய ஸ்கைப், 2007 ஆகஸ்ட் 16-ல் சுமார் இரண்டு நாள் படுத்துக்கொண்டது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உலகெங்கும் கம்ப்யூட்டர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ரீஸ்டார்ட் ஆகி, எல்லாம் சேர்ந்து லாகின் கேட்டன. அந்த வெள்ளத்தில் ஸ்கைப்பின் சொந்த மென்பொருளில் இருந்த ஒரு பிழை வெளிப்பட்டது. 2010 டிசம்பர் 22-ல் மறுபடி. அந்தச் சமயம் பயனர்களில் பாதிப் பேர் விண்டோஸுக்கான ஒரே ஸ்கைப் வெர்ஷனில் இருந்தார்கள், அதில் ஒரு பிழை. அந்த வெர்ஷன் ஓடிய கம்ப்யூட்டர்களில் பலவற்றில் ஸ்கைப் சரிந்தபோது, மற்றவர்களுக்கு வழிகாட்டும் சூப்பர்நோடுகளில் 25 முதல் 30 சதவீதம் கூடவே விழுந்தன. மிச்சமிருந்தவற்றின் தலையில் மொத்தச் சுமையும் ஏறியது. எல்லோரும் ஒரே வெர்ஷனில் இருப்பது பலம் என்று நினைக்கிறவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை யோசிக்கலாம்.

காரணத்தைச் சொல்ல முடியாத அவசரம்

மாதக்கணக்கில் அவகாசம் கொடுப்பதெல்லாம் புது வசதிக்குச் சரி. பாதுகாப்பு ஓட்டை என்றால்? விவரம் சொன்னால் திருடனுக்கும் தெரியும், சொல்லாவிட்டால் யாரும் அப்டேட் செய்ய மாட்டார்கள்.

2018 செப்டம்பர் 18-ல் பிட்காயின் கோர் 0.16.3 வெளியானது. நோடுகளை முடக்கக்கூடிய ஒரு பிழை இருக்கிறது, உடனே மாறுங்கள் என்றார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதே பிழையை வைத்து இல்லாத நாணயத்தை உருவாக்கவும் முடியும் என்பதைப் பிறகே வெளியிட்டார்கள். அவசரத்தைச் சொன்னார்கள், ஆயுதத்தைச் சொல்லவில்லை.

எதீரியம் நோடுகளை ஓட்டும் கெத் என்ற மென்பொருள் 2020-ல் வேறு வழியில் போனது. கணக்கையே பிரிக்கக்கூடிய ஒரு பிழையை ஜூலையில் வந்த 1.9.17 வெர்ஷனில் ஓசைப்படாமல் சரிசெய்தார்கள். அவசரம் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் பலர் பழைய வெர்ஷனிலேயே இருந்தார்கள், ஏராளமான வாலட்களும் ஆப்களும் நம்பியிருந்த இன்ஃப்யூரா என்ற நோடு சேவை உட்பட. நவம்பர் 11-ல் ஒரு பரிவர்த்தனை அந்தப் பிழையைத் தட்டியது. பழைய நோடுகள் தனிக் கிளையில் போயின, சில எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர்கள் எதீரியத்தை வெளியே எடுப்பதை நிறுத்திவைத்தன. கெத் இப்போது தெரிந்த ஓட்டைகளின் பட்டியலைக் கையொப்பமிட்டு வெளியிடுகிறது. நோடு வைத்திருப்பவர் வெர்ஷன்-செக் என்ற ஒரு கட்டளையைக் கொடுத்தால் தன் வெர்ஷன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மாறுவதா வேண்டாமா என்பதை அப்போதும் அவரேதான் முடிவுசெய்ய வேண்டும்.